புள்ளிராஜாவுக்கு வருவது எய்ட்ஸ் அல்ல

2003 வாக்கில் தமிழ்நாட்டில் எங்கு திரும்பினாலும் ஒரே கேள்வி: 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' புள்ளிராஜா யார், என்ன செய்தார் என்று எதுவும் தெரியாமலே ஊர் முழுக்க அதைக் கேட்டுக்கொண்டிருந்தது. நண்பர்களைக் கிண்டலடிக்கக்கூட அந்தப் பெயர் உதவியது. இந்த விஷயத்தில் வாயே திறக்காத ஊரைப் பேச வைத்த விழிப்புணர்வு விளம்பரம் என்ற வகையில் அது பெரிய வெற்றிதான். ஒரே ஒரு குறை, கேள்வியே கொஞ்சம் தப்பு.

ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு எய்ட்ஸ் வராது. தொற்றுவது எச்.ஐ.வி. என்ற வைரஸ். அது உள்ளே புகுந்து, மருந்து எதுவும் இல்லாமல் விடப்பட்டால், பல வருடங்கள் கழித்து உடம்பு வந்து நிற்கும் நிலைக்குத்தான் எய்ட்ஸ் என்று பெயர். இரண்டுக்கும் நடுவே சராசரியாகப் பத்து வருட இடைவெளி இருக்கிறது. அந்தப் பத்து வருடத்தில் என்ன நடக்கிறது என்று புரிந்துவிட்டால், பரிசோதனையும் மருந்தும் ஏன் இப்படி இருக்கின்றன என்பது தானாகப் புரியும். பத்திரிகைகளில் இன்றும் 'எய்ட்ஸ் நோயாளி' என்று குறிப்பிடப்படுகிறவர்களில் பெரும்பாலானோருக்கு எய்ட்ஸ் கிடையாது. எச்.ஐ.வி. இருக்கிறது, தினமும் மாத்திரை சாப்பிடுகிறார்கள், வேலைக்குப் போகிறார்கள்.

கல்யாண வீட்டுப் பெரியப்பா

எச்.ஐ.வி. மிகச் சிறியது. ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறாகப் போட்டால் ஒரு கூறு அளவு. மனிதனுக்குச் சுமார் 20,000 மரபணுக்கள் என்றால் இதற்கு வெறும் ஒன்பது. இவ்வளவு சின்ன ஒன்று மனித உடம்பைச் சாய்க்கிறது என்றால், அது அடிக்கும் இடம் அப்படி.

ரத்தத்தில் இருக்கும் வெள்ளை அணுக்களில் ஒரு வகைக்கு சிடி4 செல்கள் என்று பெயர். கல்யாண வீட்டில் ஒரு பெரியப்பா இருப்பாரே, அவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் சமைக்க மாட்டார், இலை போட மாட்டார், பந்தியில் பரிமாறவும் மாட்டார். ஆனால் அவர் குரல் இல்லாவிட்டால் சாம்பார் அடுப்பிலேயே இருக்கும், பந்தி நகராது. சிடி4 செல்களின் வேலையும் அதுதான். கிருமி வந்திருக்கிறது என்று தெரிந்ததும் எதிர்ப்பொருள் தயாரிக்கும் செல்களையும், தொற்றிய செல்களைக் கொல்லும் செல்களையும் ஏவிவிடுவது இவைதான். எச்.ஐ.வி. நேராக அந்தப் பெரியப்பாவைப் பிடித்துக்கொள்கிறது.

பிடிக்கிற விதம் இப்படி. வைரஸின் மேல்புறத்தில் துருத்திக்கொண்டிருக்கும் ஒரு புரதம், செல்லின் மேல் உள்ள சிடி4 என்ற கொக்கியில் மாட்டுகிறது. பிறகு பெரும்பாலும் சிசிஆர்5 என்ற இரண்டாவது கொக்கியிலும் மாட்டுகிறது. இரண்டும் மாட்டினால் கதவு திறக்கும். இந்த இரண்டாவது கொக்கி பின்னால் மறுபடி வரும், நினைவில் வையுங்கள்.

உள்ளே போனதும் நடப்பதுதான் இந்த வைரஸின் தனி வித்தை. நம் செல்லின் மூலப் பத்திரம் டிஎன்ஏ. அதிலிருந்து ஆர்என்ஏ என்ற நகல் எடுத்து, அந்த நகலைப் பார்த்துப் புரதம் தயாரிப்பதுதான் வழக்கமான முறை. எச்.ஐ.வி.யிடம் இருப்பதோ வெறும் ஆர்என்ஏ. அது தன்னோடு கொண்டுவந்த ஒரு நொதியை வைத்து, நகலிலிருந்து மூலத்தை எழுதுகிற தலைகீழ் வேலையைச் செய்து டிஎன்ஏ ஆக மாறுகிறது. பிறகு இன்னொரு நொதியால் அந்த டிஎன்ஏவை நம் செல்லின் டிஎன்ஏவுக்குள்ளேயே ஒட்டிவிடுகிறது. சொத்துப் பத்திரத்தில் வில்லங்கம் ஏறுவதைப் போல. அதற்குப் பிறகு செல் தன் பத்திரத்தைத் தானே நம்பி நகல் எடுக்கும், ஒவ்வொரு நகலிலும் வில்லங்கமும் சேர்ந்தே வரும். அந்த நகல்களிலிருந்து புது வைரஸ்கள் உருவாகி வெளியேறி அடுத்த செல்லைத் தேடிப் போகும். மருந்து சாப்பிடாத ஒருவரின் உடம்பில் ஒரு நாளைக்குச் சுமார் 1,000 கோடி புது வைரஸ்கள் உருவாகின்றன.

தொற்றிய செல்கள் செத்துப்போகும். பக்கத்தில் இருக்கும், தொற்றாத செல்கள்கூட இந்தக் களேபரத்தில் சாகும். உடம்பும் சும்மா இருப்பதில்லை, புதிது புதிதாகச் செல்களைத் தயாரித்து ஈடுகட்டப் பார்க்கும். வருடக்கணக்கில் நடக்கும் இந்த இழுபறியில் கடைசியில் தோற்பது உடம்புதான்.

அமைதியான பத்து வருடம்

தொற்றிய இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் பலருக்குக் காய்ச்சல், தொண்டை வலி, உடம்பில் தடிப்பு, கழுத்தில் நெறிகட்டு வரும். டெங்குவோ வைரல் காய்ச்சலோ என்று ஒரு பாராசிட்டமாலோடு போய்விடும். சிலருக்கு அதுவும் வராது. இந்த நாட்களில்தான் ரத்தத்தில் வைரஸ் உச்சத்தில் இருக்கிறது, மற்றவருக்குப் பரவும் வாய்ப்பும் மிக அதிகம். தனக்கு இருக்கிறது என்று அவருக்கே தெரியாத நேரமும் அதுதான்.

அப்புறம் எல்லாம் அடங்கிவிடும். பார்க்க ஆரோக்கியமாக இருப்பார், உடம்பு மெலியாது, ஒரு அறிகுறியும் தெரியாது. 'ஆளைப் பார்த்தாலே தெரியும்' என்று இன்னும் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சலாக வரும். பார்த்தால் தெரியாது என்பதுதான் இந்த வைரஸ் உலகம் முழுக்கப் பரவியதற்கே காரணம்.

இந்த அமைதியான காலத்தில் சிடி4 எண்ணிக்கை மெல்ல இறங்கும். சாதாரணமாக ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் 500-க்கு மேல் இருக்க வேண்டியது 400, 300 என்று வரும். இடையில் ஒருநாள் அக்கி வரலாம். வாயில் வெள்ளை படியலாம். காரணம் தெரியாத வயிற்றுப்போக்கு வாரக்கணக்கில் நீடிக்கலாம். எண்ணிக்கை 200-க்குக் கீழே போனாலோ, அல்லது குறிப்பிட்ட சில கடுமையான நோய்கள் வந்தாலோ அதற்குப் பெயர் எய்ட்ஸ். ஒருவகை நிமோனியா, மூளைச்சவ்வைத் தாக்கும் பூஞ்சைத் தொற்று, கண் பார்வையைப் பறிக்கும் வைரஸ், சில புற்றுநோய்கள் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. நல்ல எதிர்ப்பு சக்தி உள்ளவரை இந்தக் கிருமிகளில் பல சீண்டக்கூடப் பார்க்காது. எய்ட்ஸ் நிலையில் ஆளைக் கொல்வது எச்.ஐ.வி. நேரடியாக அல்ல, பெரியப்பா இல்லாத வீட்டுக்குள் புகுந்துவிடும் இந்தக் கூட்டம்தான்.

இந்தியாவில் அந்தக் கூட்டத்துக்குத் தலைமை காசநோய். தாம்பரம் சானடோரியத்தின் கதை அதற்கு நல்ல உதாரணம். 1928-ல் காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய இடம் அது. பல பத்தாண்டுகள் கழித்து நாட்டின் மிகப் பெரிய எச்.ஐ.வி. சிகிச்சை இடங்களில் ஒன்றாக மாறியது. காசநோய்க்குப் பார்க்க வந்தவர்களிடம்தான் எச்.ஐ.வி. கண்டுபிடிக்கப்பட்டது. இன்றும் காசநோய் என்று தெரிந்தால் எச்.ஐ.வி. பரிசோதனையும், எச்.ஐ.வி. என்று தெரிந்தால் காசநோய்ப் பரிசோதனையும் செய்வது அதனால்தான்.

எப்படித் தொற்றும், எப்படித் தொற்றாது

ரத்தம், விந்து, பெண்ணுறுப்புத் திரவம், ஆசனவாயின் உட்புறத் திரவம், தாய்ப்பால். வைரஸ் தொற்றும் அளவுக்கு இருப்பது இவற்றில்தான். இவற்றில் ஒன்று இன்னொருவரின் ரத்தத்துக்குள்ளோ, மெல்லிய உட்தோலுக்குள்ளோ போக வேண்டும். உமிழ்நீர், வியர்வை, கண்ணீரால் தொற்றாது. ஒரே தட்டில் சாப்பிடுவது, கட்டிப்பிடிப்பது, ஒரே கழிப்பறை, ஒரே நீச்சல் குளம் எதுவும் பிரச்சினை இல்லை.

கொசுக் கேள்வி எல்லாக் கூட்டத்திலும் வரும், நியாயமான கேள்விதான். மலேரியாவும் டெங்குவும் பரவும்போது இது ஏன் பரவாது? கொசு கடிக்கும்போது தன் எச்சிலைத்தான் உள்ளே விடுகிறது, முன்பு குடித்த ரத்தத்தை அல்ல. டெங்கு வைரஸ் கொசுவின் உடம்பில் பெருகி எச்சில் சுரப்பி வரை வந்துவிடும். எச்.ஐ.வி.க்குக் கொசுவிடம் மாட்டிக்கொள்ள சிடி4 கொக்கியே கிடையாது, கொசுவின் வயிற்றில் ரத்தத்தோடு சேர்ந்து செரித்துப்போகும்.

சலூன் பிளேடு பற்றியும் கேட்பார்கள். உடம்புக்கு வெளியே வந்தால் எச்.ஐ.வி. சீக்கிரம் வலுவிழக்கும், சவரத்தால் தொற்றும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. ஆனாலும் புது பிளேடு கேளுங்கள், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் அப்படிச் சீக்கிரம் வலுவிழக்கும் ரகம் இல்லை.

இந்தியாவில் பெரும்பாலானோருக்குத் தொற்றியது பாதுகாப்பில்லாத உடலுறவால். ஒரு தடவையில் தொற்றும் வாய்ப்பு என்று கணக்கிட்டால் அது சிறிய எண்தான், ஆசனவாய் உறவில் பல மடங்கு அதிகம். பிறப்புறுப்பில் வேறு பால்வினை நோயால் புண் இருந்தால் வாய்ப்பு ஏறும். சிறிய எண் என்று அலட்சியம் வேண்டாம், ஒரே தடவையில் தொற்றியவர்களும் உண்டு. ஆணுறையை ஒழுங்காகப் பயன்படுத்தினால் இந்த வழி கிட்டத்தட்ட அடைபடும். தொற்றுள்ள ரத்தத்தை ஏற்றினால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தொற்றிவிடும், அதனால்தான் தானமாக வரும் ஒவ்வொரு யூனிட்டையும் பரிசோதிக்கிறார்கள். போதை ஊசியைப் பகிர்ந்துகொள்வது இன்னொரு வழி.

தாயிடமிருந்து குழந்தைக்கு என்பதைச் சற்று நின்று பார்க்கலாம், ஏனென்றால் மருந்து இங்கே செய்திருக்கும் மாற்றம் மிகப் பெரியது. எதுவும் செய்யாமல் விட்டால் கர்ப்பம், பிரசவம், தாய்ப்பால் எல்லாம் சேர்த்து 100 குழந்தைகளில் 15 முதல் 45 வரை தொற்றும். தாய் கர்ப்பத்திலேயே மருந்து தொடங்கி, பிறந்த குழந்தைக்குச் சில வாரங்கள் சிரப் கொடுத்தால் அது 5-க்கும் கீழே போகிறது, தாய் ஒழுங்காக மருந்து எடுத்தால் இன்னும் குறைவு. மருந்து எடுக்கும் தாய் முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுக்கலாம். தாய்ப்பாலும் பசும்பாலும் மாற்றி மாற்றிக் கொடுப்பதுதான் அதிக ஆபத்து, வெளிப்பால் குழந்தையின் குடலைப் புண்ணாக்கி வைரஸுக்கு வழிவிடும் என்கிறார்கள்.

எட்டிப் பார்த்த பரிசோதனை

1981 ஜூனில் லாஸ் ஏஞ்சல்ஸில் ஐந்து இளைஞர்களுக்கு அபூர்வமான நிமோனியா வந்ததைப் பற்றிய சின்ன அறிக்கையோடுதான் உலகம் இதை முதலில் கவனித்தது. 1983-ல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் ஃபிரான்சுவாஸ் பாரே-சினூசியும் லூக் மோந்தாக்னியேவும் வைரஸைப் பிரித்தெடுத்தார்கள், அதற்கு 2008-ல் நோபல் பரிசு. இங்கே அது மேல்நாட்டுச் சமாச்சாரம் என்று பேசிக்கொண்டிருந்த காலத்தில், சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன், தன் மாணவி நிர்மலாவை ரத்த மாதிரிகள் எடுத்து வரச் சொன்னார். சென்னையில் பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் மாதிரிகள். அவற்றைப் பரிசோதிக்கும் வசதி சென்னையில் இல்லாததால் வேலூர் சி.எம்.சி.க்கு எடுத்துப் போனார்கள். 1986-ல் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அப்படித்தான் தெரிந்தது. ஆறு மாதிரிகள் பாசிட்டிவ்.

இன்று அதற்கு வேலூர் போக வேண்டாம். அரசு மருத்துவமனைகளில் 'நம்பிக்கை மையம்' என்ற பலகை இருக்கும், பரிசோதனை இலவசம். முதலில் ஆலோசகர் பேசுவார், உங்கள் சம்மதம் இல்லாமல் ரத்தம் எடுக்க மாட்டார்கள். முதல் கிட்டில் பாசிட்டிவ் வந்தால் உடனே முடிவு சொல்லிவிட மாட்டார்கள். வேறு வேறு விதமாக வேலை செய்யும் இன்னும் இரண்டு கிட்டுகளில் பார்த்து, மூன்றும் ஒத்துப்போனால்தான் பாசிட்டிவ். ஒரு தனியார் லேப்பின் ஒற்றைச் சீட்டைப் பார்த்து இடிந்துபோகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சரி, நெகட்டிவ் வந்தால்? எப்போது பரிசோதித்தீர்கள் என்பதைப் பொறுத்தது. பெரும்பாலான கிட்டுகள் தேடுவது வைரஸை அல்ல, அதற்கு எதிராக உடம்பு தயாரித்த எதிர்ப்பொருளை. அது தயாராக மூன்று வாரம் முதல் மூன்று மாதம் வரை ஆகலாம். அதற்குள் பரிசோதித்தால் தொற்று இருந்தும் நெகட்டிவ் காட்டும். வைரஸின் புரதத்தையும் சேர்த்துத் தேடும் புது வகைப் பரிசோதனை ஆறு வாரத்துக்குள் பெரும்பாலும் காட்டிவிடும். வைரஸின் மரபுப் பொருளையே தேடும் பரிசோதனை பத்து நாள் முதல் ஒரு மாதத்துக்குள். சந்தேகம் ஏற்பட்ட மறுநாளே ஓடிப்போய் நெகட்டிவ் சீட்டு வாங்கி நிம்மதியாகத் தூங்குவதில் பயனில்லை, மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள். இன்னொன்று, ஓசியில் டெஸ்ட் பார்த்துக்கொள்ளலாம் என்று ரத்த தானம் செய்யாதீர்கள். அந்த இடைக்கால ரத்தம் பரிசோதனையைத் தாண்டி வேறொருவர் உடம்புக்குப் போய்விடலாம்.

தொற்றுள்ள தாய்க்குப் பிறந்த குழந்தைக்கு எதிர்ப்பொருள் பரிசோதனை உதவாது. தாயின் எதிர்ப்பொருள் குழந்தையின் ரத்தத்தில் ஒன்றரை வயது வரைகூட இருக்கும். அதனால் ஆறாவது வாரத்தில் குதிகாலில் சில சொட்டு ரத்தம் எடுத்து வைரஸையே தேடுகிறார்கள்.

ஒரு மாத்திரை, மூன்று மருந்து

முதல் மருந்து 1987-ல் வந்தது. சில மாதம் வேலை செய்யும், பிறகு கைவிட்டுவிடும். காரணம் அந்தத் தலைகீழ் நகல் எழுதும் நொதி. அது கவனமில்லாத எழுத்தர், எழுதும்போதெல்லாம் தப்பு விடும். ஒரு நாளைக்கு 1,000 கோடி நகல்களில் ஏதாவது ஒரு தப்பு அந்த மருந்துக்கு அடங்காத வைரஸை உருவாக்கிவிடும், பிறகு அதுதான் பெருகும். ஒரே நேரத்தில் மூன்று மருந்துக்கும் தப்பிக்கும் பிழை அமைவது மிக அரிது. 1996 முதல் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கியதும், படுத்த படுக்கையாக இருந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். தமிழில் இதைக் கூட்டு மருந்து என்கிறோம், ஏ.ஆர்.டி. என்றாலும் அதுதான்.

ஆனால் விலை. ஒருவருக்கு வருடத்துக்கு 10,000 டாலருக்கு மேல். 2001-ல் மும்பையின் சிப்லா நிறுவனம், யூசுஃப் ஹமீத் தலைமையில், அதே கூட்டு மருந்தை வருடத்துக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தது. ஆப்பிரிக்காவில் லட்சக்கணக்கானவர்கள் பிழைத்ததற்கு இந்திய மாத்திரைகள் ஒரு முக்கியக் காரணம். நம் மருந்துத் துறையைப் பற்றிப் பெருமைப்பட ஒரே ஒரு விஷயம் சொல் என்றால் இதைத்தான் சொல்வேன். இந்திய அரசு 2004 ஏப்ரல் 1 முதல் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது, முதலில் தொடங்கிய எட்டு மையங்களில் தாம்பரமும் ஒன்று.

இப்போது பெரியவர்களில் பெரும்பாலானோருக்குக் கொடுப்பது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் அடங்கிய ஒற்றை மாத்திரை, தினம் ஒன்று. முதல் இரண்டும் போலி எழுத்துகள். தலைகீழ் நகல் எழுதும்போது நடுவில் புகுந்து எழுத்தை அங்கேயே நிறுத்திவிடும். மூன்றாவது, பத்திரத்தில் ஒட்டும் நொதியைத் தடுக்கும். புது வில்லங்கம் ஏறாது. முன்பெல்லாம் சிடி4 இறங்கும் வரை காத்திருந்து மருந்து தொடங்குவார்கள், இப்போது எண்ணிக்கை எவ்வளவு இருந்தாலும் பாசிட்டிவ் என்று தெரிந்ததும் தொடங்கிவிடுகிறார்கள். காசநோயோ மூளைச்சவ்வுத் தொற்றோ இருந்தால் மட்டும் முதலில் அதைக் கவனித்துவிட்டுச் சில வாரம் தள்ளித் தொடங்குவார்கள்.

மருந்து வேலை செய்கிறதா என்பதை வைரஸ் அளவுப் பரிசோதனை காட்டும். சில மாதங்களில் அது கண்டறிய முடியாத அளவுக்குப் போகும், சிடி4 மெல்ல ஏறும். வைரஸ் அளவு தொடர்ந்து அப்படியே இருந்தால் உடலுறவின் வழியே துணைக்குத் தொற்றாது. சும்மா ஆறுதலுக்குச் சொல்வது இல்லை இது. ஒன்பது நாடுகளில் 1,763 தம்பதிகளை வைத்து நடந்த ஆய்வில் சென்னையும் ஒரு இடம். சீக்கிரமே மருந்து தொடங்கியவர்களிடமிருந்து துணைக்குப் பரவுவது 96 சதவீதம் குறைந்ததாக 2011-ல் முடிவு வந்தது. பிறகு ஐரோப்பாவில் நடந்த ஆய்வுகளில், வைரஸ் கண்டறிய முடியாத அளவில் இருந்தவர்களிடமிருந்து துணைக்குத் தொற்றியது ஒன்றுகூட இல்லை.

அப்படியென்றால் மாத்திரையை எப்போது நிறுத்தலாம்? நிறுத்த முடியாது. மருந்து புது வில்லங்கத்தைத் தடுக்கும், ஏற்கெனவே ஏறியதை அழிக்காது. சில சிடி4 செல்கள் தூங்கும் நிலையில் இருக்கும், அவற்றின் பத்திரத்தில் வைரஸும் தூங்கும். மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களில் அது விழித்துக்கொள்ளும். டிமதி ரே பிரவுன் என்ற அமெரிக்கருக்கு 2007-ல் பெர்லினில் ரத்தப் புற்றுநோய்க்காக எலும்பு மஜ்ஜை மாற்றினார்கள். கொடுத்தவருக்குப் பிறவியிலேயே அந்த சிசிஆர்5 கொக்கி இல்லை. பிரவுனின் புது செல்களிலும் கொக்கி இல்லை, வைரஸ் திரும்பவே இல்லை. அப்படி முழுதாகக் குணமானவர்கள் உலகிலேயே விரல்விட்டு எண்ணும் அளவுதான், எல்லோரும் புற்றுநோய்க்காக உயிரைப் பணயம் வைத்து அந்தச் சிகிச்சைக்குப் போனவர்கள். லேகியத்தால் குணமாக்குகிறோம் என்று விளம்பரம் செய்வது இந்தியாவில் சட்டப்படி குற்றம். அதை நம்பி மாத்திரையை விட்டவர்களுக்கும் எய்ட்ஸ் வருகிறது.

பாசிட்டிவ் என்பதற்காக வேலையை விட்டு நீக்குவது, பள்ளியில் சேர்க்க மறுப்பது, சம்மதமில்லாமல் வெளியே சொல்வது ஆகியவற்றை 2017-ல் இயற்றிய சட்டம் தடை செய்கிறது, 2018 செப்டம்பர் முதல் அமலில் இருக்கிறது. சந்தேகம் கேட்க 1097 என்ற இலவச எண் உண்டு, பெயர் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக, பலருக்குத் தெரியாத ஒன்று. ஊசி குத்திவிட்டது, ஆணுறை கிழிந்துவிட்டது, பலாத்காரம் நடந்துவிட்டது என்றால், 72 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கி 28 நாள் சாப்பிட்டால் வைரஸ் பத்திரத்தில் ஏறாமலே பெரும்பாலும் தடுத்துவிடலாம். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. ராத்திரி இரண்டு மணி என்றாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு நேராகப் போய்க் கேளுங்கள்.